புதிய மொந்தையில் பழைய கள்: கணினிச் செயலி விளம்பரங்களில் யார் அதிகம் கதை விடுகிறார்கள்?

#1 ஈரிலக்கம்

சென்ற மாதம் புதிய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். பழையது நான்கு வருடம் உழைத்துக் களைத்துவிட்டது. பெட்டியில் இருந்த செயலி (பிராசசர்) எண்ணைப் பார்த்தால் புதியது இரண்டு தலைமுறை முன்னால் நிற்கிறது. ஒரே காணொளிக் கோப்பை இரண்டிலும் கொடுத்து அளவைச் சுருக்கச் சொன்னேன். பழையது 14 நிமிடம் 10 நொடியில் முடித்தது. புதியதற்கு 15 நிமிடம் 40 நொடி பிடித்தது. மூன்று முறை ஓட்டியும் சில நொடிகள்தான் முன்னே பின்னே.

எந்த நிறுவனத்தின் செயலி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஐம்பது பதிவுகளும் அந்தச் சண்டையிலேயே போய்விடும்.

எரிச்சலில் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது 2023 டிசம்பரில் நடந்த கூத்து கண்ணில் பட்டது. செயலி தயாரிக்கும் இன்டெல் 'கோர் ட்ரூத்ஸ்' என்ற பெயரில் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டி பழைய சரக்கைப் புதிய எண்ணில் விற்கிறது என்பதுதான் அதன் சாரம். எடுத்துக்காட்டாகக் காட்டியது ரைசன் 5 7520யூ. 2023ஆம் ஆண்டு வரிசையில் வந்த அந்தச் செயலிக்குள் இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு (சில்லின் உள் வடிவமைப்பு). போலி மருந்து விற்பவனோடும் பழைய கார் தரகனோடும் ஒப்பிட்டுக் கேலி வேறு. தன் கோர் ஐ5-1335யூ அதைவிட 83 சதவீதம் வேகமானது என்று ஒரு பட்டை வரைபடமும் இருந்தது. சில நாட்களில் அந்தத் தொகுப்பை இன்டெலே சத்தமில்லாமல் எடுத்துவிட்டது.

சொன்னது உண்மை என்றால் ஏன் எடுக்க வேண்டும்? பொய் என்றால் ஏன் போட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நேர்கோடு

உண்மைதான் நண்பரே. 7520யூவுக்குள் ஜென் 2 இருப்பதை ஏஎம்டியே மறுக்கவில்லை. அந்த எண்களை எப்படிப் படிப்பது என்று 2022 செப்டம்பரில் அவர்களே ஒரு விளக்கச் சக்கரம் வெளியிட்டார்கள். முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது சந்தைப் பிரிவு, மூன்றாவது கட்டமைப்பு. எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விற்றால் அதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது? படிக்காமல் வாங்கியது யார் குற்றம்?

#3 கூர்முனை

சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று சொல்லுங்கள், பிறகு குற்றத்தைப் பங்கு போடலாம்.

மூன்று எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 7520யூ, 7530யூ, 7540யூ. மூன்றும் ரைசன் 5 தான். முதலாவது ஜென் 2, நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் உட்பகுதி). இரண்டாவது ஜென் 3, ஆறு கோர். மூன்றாவது ஜென் 4, ஆறு கோர். கட்டமைப்பில் அடுத்தடுத்த மூன்று தலைமுறைகள், ஒரே பெயரில், பத்துப் பத்தாக நகரும் எண்ணில் உட்கார்ந்திருக்கின்றன. 7520க்கும் 7540க்கும் இடையில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தலைமுறையைச் சொல்லும் இலக்கத்தை மூன்றாம் இடத்தில் ஒளித்துவிட்டு, ஆண்டைச் சொல்லும் இலக்கத்தை முன்னால் நிறுத்தியது தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை.

அதற்காக இன்டெலுக்கு நான் வக்கீல் இல்லை. ஊசியைப் பார்த்துச் சல்லடை 'உன் உடம்பில் ஓட்டை' என்றதாம். அந்தப் படத்தொகுப்பு வெளிவந்தது டிசம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 13ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி 14ஆம் தலைமுறை என்று விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஐ7-14700கேவுக்கு மட்டும் நான்கு சிறிய கோர்கள் கூடுதலாகக் கிடைத்தன. மற்றவற்றில் மாற்றம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அடுத்த மாதம், 2024 ஜனவரியில், கோர் 7 150யூ வந்தது. பெயரிலிருந்து 'ஐ' போனது, 'தலைமுறை' என்ற சொல்லும் போனது, உள்ளே இருந்தது 13ஆம் தலைமுறையின் அதே ராப்டர் லேக் கட்டமைப்பு. ஏன் எடுத்தார்கள் என்று கேட்டீர்களே, அந்த வாசகங்களில் நிறுவனப் பெயரை மட்டும் மாற்றினால் அவர்களுக்கே அப்படியே பொருந்தும்.

#4 பழஞ்சில்லு

இந்த நோய் உங்களில் பலர் பிறப்பதற்கு முந்தையது.

1996 வாக்கில் சைரிக்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. அதன் 6எக்ஸ்86 செயலியின் மேல் 'பி166+' என்று அச்சிட்டிருக்கும். ஓடும் வேகம் 133 மெகாஹெர்ட்ஸ். '166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகர்' என்பது அந்த எழுத்துகளின் பொருள். அலுவலக மென்பொருள் சோதனையில் அது உண்மையும்கூட. குவேக் விளையாட்டைப் போட்டதும் குட்டு உடைந்தது. தசமப் புள்ளிக் கணக்கில் பென்டியத்தின் பக்கத்தில்கூட அதனால் நிற்க முடியவில்லை.

2001 அக்டோபரில் ஏஎம்டி அதே வித்தையை எடுத்தது. அத்லான் எக்ஸ்பி 1800+ உண்மையில் 1.53 கிகாஹெர்ட்ஸ். 'எங்களுடைய பழைய அத்லானோடு ஒப்பிட்டுத்தான் இந்த எண்ணைக் கொடுத்தோம்' என்று அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். பென்டியம் 4ஐ மனத்தில் வைத்தே எண் போட்டார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இதில் எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிராளி அதைவிடப் பெரிய கதை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அதன் வேலை வரிசையை 20 படிகளாக நீட்டி, கடிகார வேகத்தை 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருந்தார்கள். ஒரு துடிப்பில் நடக்கும் வேலை குறைந்துபோனதால், 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பல சோதனைகளில் அதற்கு ஈடுகொடுத்தது. ஆனால் மெகாஹெர்ட்ஸ்தான் வேகம் என்று மக்களை வருடக்கணக்காகப் பழக்கியவர்களும் அவர்களே. அந்தப் பழக்கத்தின் முன் உண்மையான 1.53ஐ மட்டும் அச்சிட்டு விற்றிருந்தால் அத்லான் அலமாரியிலேயே தூங்கியிருக்கும்.

#5 மழைத்துளி

பழஞ்சில்லு ஐயா, அப்படியென்றால் எதிராளி பொய் சொன்னால் நாமும் சொல்லலாம் என்கிறீர்களா?

#6 பழஞ்சில்லு

இல்லை தம்பி. 1800+ என்பது பொய்யில் சேர்த்தி இல்லை, மொழிபெயர்ப்பு என்கிறேன். அந்தச் செயலி அந்த எண்ணுக்கு ஏற்ற வேலையைச் செய்தது. சைரிக்ஸ் பாதி வேலைகளில்தான் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

#7 கடைசிவரிசை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையை யாரும் இன்னும் சொல்லவில்லையே!

2018 ஜூன், தைவானில் நடக்கும் கம்ப்யூடெக்ஸ் கணினிக் கண்காட்சி மேடை. 28 கோர் கொண்ட செயலி ஒன்று எல்லாக் கோர்களிலும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாக இன்டெல் காட்டியது. சினிபெஞ்ச் ஆர்15 என்ற வேகச் சோதனை மென்பொருளில் 7334 மதிப்பெண். அரங்கம் கைதட்டியது. பிறகு செய்தியாளர்கள் மேசைக்குக் கீழே போகும் தடித்த குழாய்களைப் பின்தொடர்ந்து பார்த்தால், அங்கே தொழிற்சாலைகளில் வைக்கும் நீர்க்குளிரூட்டி ஒன்று இருந்தது. ஒரு குதிரைத்திறன் கொண்டது. இயல்பு வேகத்துக்கு மேல் முடுக்கிக் காட்டினோம் என்பதை மேடையில் சொல்ல மறந்துவிட்டோம் என்று பின்னர் விளக்கம் வந்தது.

அதே செயலி 2019 ஜனவரியில் சியான் டபிள்யூ-3175எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடிப்படை வேகம் 3.1, உச்சம் 4.3 கிகாஹெர்ட்ஸ். மேடையில் பார்த்த 5 எங்கே போயிற்று என்றால், குளிரூட்டியோடு போயிற்று. ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கு விடை மறுநாளே கிடைத்துவிட்டது: ஏஎம்டி 32 கோர் த்ரெட்ரிப்பர் செயலியை அறிவித்தது.

எனக்குப் பிடித்தது அந்த 'மறந்துவிட்டோம்' தான். அத்தனை பெரிய பெட்டியை வைத்துவிட்டு மறப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

#8 நிரலன்

இதுவரை வந்த கதைகள் எல்லாம் அட்டைப்பெட்டியிலும் மேடையிலும் நடந்தவை. மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

இன்டெல் சொந்தமாகக் கம்பைலர் (எழுதிய நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) வைத்திருக்கிறது. அது உருவாக்கும் நிரலில் ஒரே வேலைக்குப் பல பாதைகள் இருக்கும். எஸ்எஸ்இ போன்ற புதிய கட்டளைகளைப் பயன்படுத்தும் வேகமான பாதை ஒன்று, எந்தப் பழைய செயலியிலும் ஓடக்கூடிய மெதுவான பாதை ஒன்று. ஓடத் தொடங்கும் கணத்தில் எந்தப் பாதை என்று தீர்மானிக்க வேண்டும். நியாயமாகச் செயலியிடம் 'உனக்கு இந்தக் கட்டளை தெரியுமா?' என்று கேட்டால் போதும். அதற்கென்றே சிபியூஐடி என்ற வழி இருக்கிறது. ஆனால் இந்த நிரல் அதோடு நிற்காமல் 'உன் பெயர் என்ன?' என்றும் கேட்டது. 'ஜென்யூன்இன்டெல்' என்று பதில் வந்தால் வேகப் பாதை திறக்கும். வேறு பெயர் வந்தால், கட்டளை தெரிந்திருந்தாலும், மெதுவான பாதைதான். பந்தியில் சாதி கேட்டு இலை போட்ட கதை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நீங்கள் நடுநிலையாளர். இன்டெலிடம் ஒரு காசு வாங்கவில்லை. இரண்டு செயலிகளையும் ஒரே தாய்ப்பலகைத் தரத்தில், ஒரே நினைவகத்தோடு, ஒரே மென்பொருளை வைத்துச் சோதிக்கிறீர்கள். அந்த மென்பொருளை எழுதியவர் எந்தக் கம்பைலரைப் பயன்படுத்தினார் என்பது உங்களுக்குத் தெரியாது. சாய்வு உங்கள் கைக்கு வருமுன்பே உள்ளே போய்விட்டது.

வியா நிறுவனத்தின் நானோ செயலியில் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ள முடியும். 2008இல் ஆர்ஸ் டெக்னிகா தளத்தினர் மாற்றிப் பார்த்தார்கள். 'ஜென்யூன்இன்டெல்' என்று பெயர் சூட்டியதும் பிசிமார்க் 2005 சோதனையில் நினைவக மதிப்பெண் சுமார் 47 சதவீதம் ஏறியது. வன்பொருளில் எதுவும் மாறவில்லை, பெயர் மட்டும்தான் மாறியது.

அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2009 டிசம்பரில் இன்டெல் மீது தொடுத்த வழக்கில் இந்தக் கம்பைலர் விவகாரமும் ஒரு பகுதி. 2010இல் சமரசம் ஆனது. மற்றவர் செயலிகளில் இந்தக் கம்பைலர் அதே அளவு வேகத்தைத் தராமல் போகலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும், வேறு கம்பைலருக்கு மாற விரும்பும் மென்பொருள் நிறுவனங்களின் செலவுக்காக 1 கோடி டாலர் ஒதுக்க வேண்டும் என்பவை அதில் இருந்தன.

#9 நேர்கோடு

நிரலன் சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் தன் செயலிக்காகத் தன் கம்பைலரைத் தீட்டுவது ஒரு நிறுவனத்தின் உரிமை. எதிராளிக்கும் சேர்த்துத் தீட்டித்தர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

#10 நிரலன்

தீட்டித்தர வேண்டாம். ஏற்கெனவே தீட்டிய கத்தியைப் பெயர் கேட்டுவிட்டு உறையில் போட வேண்டாம் என்கிறேன். 'இந்தப் பாதையை உங்கள் செயலியில் நாங்கள் சோதித்ததில்லை, அதனால் திறக்கவில்லை' என்ற வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. அதை முதலிலேயே ஆவணத்தில் எழுதியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.

#11 கூர்முனை

நடுநிலைச் சோதனை என்ற பேச்சு வந்ததால் 2018 அக்டோபரையும் நினைவுபடுத்துகிறேன். ஐ9-9900கே சந்தைக்கு வருமுன், பிரின்சிபிள்டு டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து இன்டெல் ஒரு சோதனை நடத்தியது. முன்பதிவு தொடங்கியாயிற்று. சுதந்திரமான விமர்சகர்கள் வாய் திறக்கத் தடை இன்னும் நீங்கவில்லை. அந்த இடைவெளியில் முடிவு வெளியாகிறது: விளையாட்டுகளில் ரைசன் 7 2700எக்ஸைவிட 50 சதவீதம் வரை வேகம்!

சோதனை முறையையும் அவர்களே வெளியிட்டிருந்தார்கள், அதில்தான் மாட்டிக்கொண்டார்கள். ஏஎம்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளில் 'கேம் மோட்' என்றொரு பொத்தான் உண்டு. த்ரெட்ரிப்பர் போன்ற பெரிய செயலிகளுக்காக வைத்தது. 2700எக்ஸில் அதை அழுத்தினால் எட்டுக் கோரில் நான்கு அணைந்துவிடும். அழுத்திவிட்டுத்தான் சோதித்திருக்கிறார்கள். இன்டெல் செயலிக்குத் தனியாக வாங்கிய பெரிய நொக்டுவா குளிர்விப்பான், எதிராளிக்குப் பெட்டியோடு வந்தது. கூச்சல் கிளம்பிய பிறகு எட்டுக் கோர்களையும் எழுப்பி மறுபடி ஓட்டினார்கள். இடைவெளி சுருங்கியது.

இதில் வயிறெரிய வைப்பது என்னவென்றால், 9900கே அப்போது விளையாட்டுகளுக்கு உண்மையிலேயே முதலிடத்தில் இருந்த செயலி. நேராக ஓடியிருந்தாலே வென்றிருக்கும். வேலிக்கு ஓணானைச் சாட்சி வைத்து, இருந்த வெற்றியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கினார்கள்.

#12 நேர்கோடு

எல்லோரும் ஒரே பக்கம் அடிக்கிறீர்கள். மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

2024 கம்ப்யூடெக்ஸில் ஏஎம்டி ரைசன் 9 5900எக்ஸ்டி, ரைசன் 7 5800எக்ஸ்டி என்று இரண்டு செயலிகளை அறிவித்தது. 2020இல் வந்த ஜென் 3 கட்டமைப்பு, பழைய ஏஎம்4 தாய்ப்பலகை. விளையாட்டுகளில் இவை இன்டெலின் ஐ7-13700கே போன்றவற்றுக்கு நிகர், சில இடங்களில் மேல் என்று வரைபடம் காட்டியது. அடிக்குறிப்பைப் படித்தால் சோதனைக்குப் பயன்படுத்திய கிராபிக்ஸ் அட்டை ரேடியான் ஆர்எக்ஸ் 6600. இடைத்தர அட்டைகளிலும் கீழ்ப்படியில் இருப்பது.

இது ஏன் பித்தலாட்டம் என்று புதியவர்களுக்கு விளங்க, நானே என் கணினியில் செய்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஒரே பலகையில் பொருந்தும் இரண்டு செயலிகள் இருக்கின்றன. ஒன்று ஆறு வருடப் பழசு, மற்றது அதைவிட மூன்று வருடம் புதிது. ஒரு சின்னக் கிராபிக்ஸ் அட்டையைப் போட்டு ஒரு பந்தய விளையாட்டை உச்சத் தரத்தில் ஓட்டினேன். பழைய செயலியில் நொடிக்கு 61 சட்டகம் (ஃபிரேம்). புதியதில் 62. செயலியை மாற்றியதற்கான அடையாளமே இல்லை. அட்டையை எடுத்துவிட்டு நண்பரிடம் கடன் வாங்கிய பெரிய அட்டையைப் போட்டேன். பழையது 97, புதியது 141. முதல் சோதனையில் இரண்டு செயலிகளும் அட்டை வேலையை முடிக்கட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தன. வரிசையில் நிற்கும்போது எல்லோருடைய ஓட்டமும் ஒரே வேகம்தான்.

ஆக, ஆர்எக்ஸ் 6600ஐ வைத்தால் எந்தச் செயலியையும் எந்தச் செயலிக்கும் நிகர் என்று காட்டலாம். ஒரு எண்கூடப் பொய்யாக இருக்காது. இதை ஏஎம்டியின் பொறியாளர்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

#13 அளவுகோல்

என் பங்குக்கு ஒன்று. ஒரு நிறுவனத்தின் பட்டை வரைபடத்தை அச்செடுத்து, அளவுகோல் வைத்து அளந்தேன். எதிராளியின் பட்டை 31 மில்லிமீட்டர். இவர்களுடையது 62. பட்டையின் மேல் எழுதியிருந்தது '15 சதவீதம் அதிகம்'. அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், பூஜ்யத்தையே காணோம். 85இல் தொடங்கியிருந்தால்தான் அந்த உயரங்கள் கணக்குக்கு வரும்.

#14 கூர்முனை

85இல் தொடங்கினால் 100க்கு 15 பங்கு, 115க்கு 30 பங்கு. சரியாக இரட்டிப்பு. கணக்கு வாத்தியார் யாரோ அங்கே வேலை செய்கிறார்.

#15 வழக்கேடு

நீதிமன்றம் வரை போனவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி 2011இல் புல்டோசர் கட்டமைப்பில் எஃப்எக்ஸ் செயலிகளைக் கொண்டுவந்தது. 'எட்டுக் கோர்' என்று விளம்பரம். உள்ளே நான்கு தொகுதிகள். ஒவ்வொன்றிலும் முழு எண் கணக்குக்கு இரண்டு பகுதிகள், தசமக் கணக்குக்கு ஒன்றே ஒன்று, அதை இரண்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டதை எட்டு என்று எண்ணலாமா என்பதே வழக்கு. 2015இல் தொடுத்தார்கள். 2019இல் ஏஎம்டி 1.21 கோடி டாலர் தரச் சம்மதித்தது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. பணம் கலிபோர்னியாவில் வாங்கியவர்களுக்கும் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்து வாங்கியவர்களுக்கும்தான்.

மறுபக்கம் பென்டியம் 4. அதை வேகமாகக் காட்டுவதற்காகச் சோதனை மென்பொருள்களின் மதிப்பெண்ணையே இன்டெல் வளைத்தது என்பது குற்றச்சாட்டு. 2014இல் சமரசம். 2000, 2001 வாக்கில் வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர். இன்டெலும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. பதின்மூன்று வருடம் கழித்து, கணினியே காயலான் கடைக்குப் போன பிறகு, 15 டாலர்.

தனிப்பட்ட கருத்து: புல்டோசர் வழக்கில் என் அனுதாபம் ஏஎம்டி பக்கம். கோர் என்றால் என்ன என்பதற்கு எழுதிவைத்த இலக்கணம் கிடையாது. ஆரம்பகாலச் செயலிகளில் தசமக் கணக்குப் பகுதியே தனிச் சில்லாகத்தான் வந்தது. அதற்காக 386க்குக் கோரே இல்லை என்று சொல்வோமா?

#16 பழஞ்சில்லு

வழக்கேடு, 386 பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் வாங்கியவன் 386ஐயா மனத்தில் வைத்திருந்தான்? பக்கத்து அலமாரியில் இருந்த நான்கு கோர் செயலியைப் பார்த்துவிட்டு, இது எட்டு என்று எடுத்தான்.

ஒட்டுவேலைச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? 2006, 2007இல் இன்டெல் இரண்டு இரட்டைக் கோர் சில்லுகளை ஒரே உறையில் வைத்துக் கோர் 2 குவாட் என்று விற்றது. 'அது ஒட்டுப்போட்டது, எங்களுடையதுதான் அசல் நான்கு கோர்' என்று ஏஎம்டி மார்தட்டியது. அந்த அசல், 'பார்சிலோனா' செயலி, வந்தபோது டிஎல்பி என்ற நினைவக முகவரிப் பகுதியில் பிழையோடு வந்து மானத்தை வாங்கியது. ஒட்டுப்போட்ட கோர் 2 குவாட் கியூ6600 பல வருடம் அசராமல் ஓடியது. பத்து வருடம் கழித்து, 2017இல், ஏஎம்டி நான்கு சில்லுகளைச் சேர்த்து எபிக் செயலியைக் கொண்டுவந்ததும் இன்டெலின் படத்தில் அதே வசை: 'ஒட்டிவைத்த மேசைக்கணினிச் சில்லுகள்'. 2023இல் இன்டெலின் சஃபையர் ரேப்பிட்ஸ் சர்வர் செயலி எப்படி வந்தது? நான்கு துண்டுகளைச் சேர்த்துத்தான். இப்போது அதன் பெயர் ஒட்டு இல்லை, தொழில்நுட்பம்.

#17 மழைத்துளி

சினிபெஞ்சும் அப்படித்தானே? இன்டெலே மேடையில் காட்டிய சோதனை அது. ரைசன் அதில் முந்தத் தொடங்கியதும் 2019இல் 'அது அன்றாட வேலையைக் காட்டாது' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி.

#18 நிரலன்

கூடம் கொஞ்சம் கோணல்தான் மழைத்துளி, அதுதான் சிக்கல். முப்பரிமாணப் படம் வரைவது எத்தனை பேருக்கு அன்றாட வேலை? சொன்ன கருத்தில் தவறில்லை, சொன்ன நேரம்தான் பல்லைக் காட்டியது. சினிபெஞ்சுக்குப் பதில் அவர்கள் முன்வைத்த சிஸ்மார்க் சோதனையைத் தயாரிக்கும் பாப்கோ அமைப்பிலிருந்து ஏஎம்டி, என்விடியா, வியா மூன்றும் 2011இல் வெளியேறியிருந்தன என்பதையும் அந்த மேடையில் யாரும் நினைவூட்டவில்லை.

சர்வர் பக்கம் இன்னும் நுட்பமாக நடக்கும். 2019 நவம்பரில் இன்டெல் தன் 56 கோர் சியான் பிளாட்டினம் 9282ஐ ஏஎம்டியின் 64 கோர் எபிக் 7742ஓடு ஒப்பிட்டது. மூலக்கூறு அசைவுகளைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளும் அந்தப் பட்டியலில் இருந்தது. அடிக்குறிப்பில் பதிப்பு எண் 2019.3. ஜென் 2 செயலியை அடையாளம் கண்டு 256 பிட் அகலக் கட்டளைகளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தம் வந்தது 2019.4இல். ஒரு புள்ளிக்குப் பின்னால் ஒரு எண். சர்வ் தி ஹோம் தளம் அதைப் பிடித்தது. இன்னொன்றையும் அந்த வரைபடம் சொல்லவில்லை: முதலாவது 400 வாட், இரண்டாவது 225 வாட்.

அதே ஆண்டு கம்ப்யூடெக்ஸில் ஏஎம்டி செய்ததையும் சொல்லாவிட்டால் நான் கட்சிக்காரன் ஆகிவிடுவேன். தன் 64 கோர் சில்லுகள் சியான் 8280ஐ என்ஏஎம்டி (NAMD, இதுவும் மூலக்கூறு அசைவு மென்பொருள்தான்) சோதனையில் இரண்டு மடங்குக்கு மேல் முந்துவதாகக் காட்டியது. சியானுக்கு ஏற்றபடி மென்பொருளைத் தீட்டாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று இன்டெல் புகார் சொன்னது. எதிராளியின் செயலிக்கு எவ்வளவு உழைத்துத் தீட்டினால் நியாயம்? எனக்கு இதற்கு நேர்மையான விடை தெரியவில்லை. என் வேலையிலேயே, எனக்குப் பழக்கமான செயலியில்தான் என் நிரல் நன்றாக ஓடுகிறது.

#19 கடைசிவரிசை

வாட் என்றதும் ஒரு விஷயம். பெட்டியில் போடும் டிடிபி (செயலி எவ்வளவு சூடு வெளியிடும் என்று சொல்லும் வாட் அளவு) எண்ணை நம்பிக் குளிர்விப்பான் வாங்காதீர்கள். ஏஎம்டி 105 வாட் என்று போட்டால் அது இழுக்க அனுமதி 142 வாட். 9900கே பெட்டியில் 95 வாட், முழுச் சுமையில் அதைத் தாண்டிப் போகும். 2021இல் 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் உச்ச எண்ணையும் சேர்த்து வெளியிடுகிறது: ஐ9-13900கேவுக்கு 125 வாட், உச்சம் 253 வாட். இதையாவது பாராட்டலாம்.

#20 நேர்கோடு

ஈரிலக்கம், ஆரம்பத்திலிருந்தே கேட்க நினைத்தேன். உங்கள் சோதனையில் இரண்டு மடிக்கணினிகளும் மின்னேற்றியில் இணைந்திருந்தனவா?

2020 நவம்பரில் இன்டெல் ஒரு குற்றச்சாட்டு வைத்தது: ரைசன் 4000 மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடும்போது உச்ச வேகத்துக்கு ஏற 7 முதல் 10 நொடி வரை தாமதிக்கின்றன, அதனால் சில வேலைகளில் திறன் பாதியளவுக்குக்கூடச் சரிகிறது என்று. நீண்ட நேரச் சோதனைகளில் அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, சின்னச் சின்ன வேலைகளில் தெரியும். தங்களுக்குத் தோதான சோதனையைத்தான் எடுத்தார்கள், ஆனாலும் விஷயம் இருந்தது. அன்றிலிருந்து யார் மடிக்கணினி எண்ணைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

#21 ஈரிலக்கம்

பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. காரணம் வெட்கம்.

பழைய மடிக்கணினியின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. அது எப்போதும் மின்னேற்றியோடுதான் இருக்கும். புதியதை அன்று பெட்டியிலிருந்து எடுத்த உற்சாகத்தில், மடியில் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். மின்னேற்றி உறையே பிரிக்காமல் பெட்டியில் கிடந்தது. மின்சிக்கன அமைப்பும் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று முறை ஓட்டினேன் என்று பெருமையாக எழுதினேனே, மூன்று முறையும் அப்படியேதான்.

நேற்று இரவு மின்னேற்றியைச் சொருகி, அதே கோப்பை மறுபடி மூன்று முறை ஓட்டினேன். 12 நிமிடம் 55 நொடி. பழையதைவிட 75 நொடி குறைவு.

கூர்முனை சொன்னபடி உள்ளே இருக்கும் கட்டமைப்பையும் தேடிப் பார்த்தேன். பழையதில் இருந்த அதே கட்டமைப்புதான், எண் மட்டும் இரண்டு தலைமுறை ஏறியிருக்கிறது. ஆகவே பாதி வயிற்றெரிச்சலை வைத்துக்கொள்கிறேன், பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நெறியாளர் ஐயா, முதல் பதிவில் நான் கொடுத்த 15 நிமிடம் 40 நொடியைத் திருத்தித் தர முடியுமா? அது தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது, அத்தனை நேரம் பிடித்தது உண்மைதான். ஆனால் படிக்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

#22 நெறியாளர்

பதில்கள் வந்த பிறகு முதல் பதிவின் உள்ளடக்கத்தை மாற்றுவதில்லை. நீங்கள் சொன்ன விவரத்தைப் பதிவின் கீழே அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். அடிக்குறிப்பின் எழுத்தளவைப் பெரிதாக்க இங்கே வசதி இல்லை.